மாற்று ஆசிரியர் வரும் நாளுக்கு வகுப்பறையைத் தயார் செய்து வைப்பது எப்படி?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலையில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸில் ஏறியபடியே தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துப் போனவள், 17 நாள்கள் கழித்துத்தான் வகுப்புக்குள் கால் வைத்தேன். என் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வந்தவர் நல்ல ஆசிரியர், அனுபவமும் உள்ளவர். ஆனால், அவர் கையில் கொடுக்க நான் ஒரு தாள்கூட எழுதி வைத்திருக்கவில்லை. பாடக்குறிப்பேடும் மதிப்பீட்டுப் பதிவேடும் பீரோவுக்குள் இருந்தன. பீரோ சாவியோ என் கைப்பையோடு மருத்துவமனையில் இருந்தது.

அந்த 17 நாள்களில் என் குழந்தைகளுக்கும் அந்த ஆசிரியருக்கும் நேர்ந்த சிரமங்கள் ஏறக்குறைய எல்லாமே, ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு இந்த வேலையை யாரும் கற்றுத் தருவதில்லை. ஆசிரியர் பயிற்சியிலும் எனக்கு இது சொல்லித்தரப்படவில்லை. ஆகவே, நான் பட்ட பிறகு செய்துகொண்ட ஏற்பாட்டைப் படிப்படியாக எழுதுகிறேன். தொடக்கப் பள்ளியை மனத்தில் வைத்தே எழுதினாலும், உயர் வகுப்பு எடுப்பவர்களும் தனியார் பள்ளிகளில் சப்ஸ்டிட்யூஷன் பீரியடுக்கு ஆள் தேடுபவர்களும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

1. உங்கள் இடத்தில் யார் வரக்கூடும் என்பதை முதலில் கேட்டறியுங்கள்

தயாரிப்பு முழுவதும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமையும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளியில் நீங்கள் ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுத்தால் புதிதாக யாரும் வரமாட்டார்கள். உடன் பணியாற்றும் அந்த ஒருவரே ஐந்து வகுப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்துக்கொள்வார். எங்கள் பள்ளியைப் போல நான்கு பேர் இருக்கும் இடத்தில், பக்கத்து வகுப்பு ஆசிரியர் நடுக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு வகுப்பையும் கவனிப்பார். விடுப்பு நீளும்போது வட்டாரக் கல்வி அலுவலர் வேறு பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பக்கூடும். அதைவிட நீண்ட விடுப்பு என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ உள்ளூரில் படித்தவர் ஒருவரைத் தற்காலிகமாக ஏற்பாடு செய்வதும் உண்டு. இவர்களில் முதலாமவருக்கு உங்கள் குழந்தைகளின் முகம் தெரியும், ஆனால் நேரம் இருக்காது. மாற்றுப்பணியில் வருபவருக்குப் பாடம் தெரியும், குழந்தைகளைத் தெரியாது. தற்காலிகமாக வருபவருக்குச் சில சமயம் இரண்டுமே புதிது. மூவருக்கும் பயன்படும்படி எழுத வேண்டுமானால், கடைசியாகச் சொன்னவரை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

விடுப்புக்கான தாள்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தற்செயல் விடுப்பு ஓர் ஆண்டுக்கு 12 நாள். இடையில் வரும் விடுமுறைகளையும் சேர்த்துத் தொடர்ச்சியாக 10 நாளைத் தாண்டக் கூடாது. நான் முதலில் தற்செயல் விடுப்பு என்று சொல்லிவிட்டு, பிறகு அதை வேறு விடுப்பாக மாற்ற வேண்டியதாயிற்று; அதனால் விண்ணப்பம், விளக்கக் கடிதம் என்று இரண்டு முறை எழுத நேர்ந்தது. நாள் கூடும் என்று தோன்றினால் முதல் நாளே தலைமையாசிரியரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மாற்றுப்பணிக்கு ஆள் கேட்பதா வேண்டாமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். உங்கள் உடல்நலத்துக்காக மருத்துவ விடுப்பு எடுத்தால், தொடக்கத்தில் மருத்துவச் சான்றும் திரும்பச் சேரும்போது உடற்தகுதிச் சான்றும் வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் அன்றே இரண்டாவது சான்றைப் பற்றிப் பேசி வைக்காவிட்டால், அந்த ஒரு தாளுக்காக மறுபடி வேலூர் வரை போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். உதவி பெறும் பள்ளியில் இருப்பவர்கள், விடுப்பு அனுமதி யாருடைய கையெழுத்தில் வரும் என்பதைச் செயலர் அலுவலகத்தில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. குழந்தைகளைப் பற்றிய தாள்

மற்ற எதையும் எழுத நேரம் கிடைக்காவிட்டாலும் இந்த ஒரு தாளை எழுதிவிடுங்கள்.

என் வகுப்பில் ஒரு சிறுமிக்கு வலிப்பு நோய் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள், மாதக்கணக்கில் ஒன்றும் வராது. ஜூன் மாதத்திலேயே அவள் அம்மா வந்து என்னிடம் விவரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் மனத்தில் வைத்துக்கொண்டேன். நான் இல்லாத ஒன்பதாம் நாள், மதிய உணவுக்குப் பிறகு அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. புதிதாக வந்த ஆசிரியருக்கு இந்த விவரம் தெரியாது. பதற்றத்தில் யாரோ பூட்டுச் சாவியை அவள் கைக்குள் திணித்து விரல்களை மூடி அழுத்தியிருக்கிறார்கள், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறார். சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்து தோல் கிழிந்தது. நல்லவேளையாகத் தண்ணீர் உள்ளே போகவில்லை. இரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றுவிட்டது. நான் திரும்பி வந்தபோது அவள் அம்மா கோபப்படவில்லை. “உங்ககிட்டதான் சொல்லியிருந்தேனே டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது அந்தத் தாளில் அவள் பெயருக்கு நேராக இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “வலிப்பு வரலாம். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள். கையில் இரும்பு, சாவி எதையும் கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்கவோ ஊற்றவோ வேண்டாம். கையைக் காலைப் பிடித்து அழுத்த வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108. அம்மாவின் எண் கீழே.” இதை எழுத எனக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் வகுப்பிலும் இப்படிப்பட்டவை இருக்கும். வீசிங் உள்ள குழந்தை, தூரப் பார்வை குறைந்து முதல் வரிசையிலேயே உட்கார வேண்டிய குழந்தை, இடது காதில் கேட்காத குழந்தை, சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் கேட்டவுடன் அனுப்ப வேண்டிய குழந்தை, முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தை என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். உடல்நலத்தோடு வீட்டு நிலையையும் இரண்டு சொல்லில் குறியுங்கள். எங்கள் பக்கத்தில் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளரும் குழந்தைகள் உண்டு. அப்பா அண்மையில் இறந்த குழந்தையிடம், தெரியாமல் “அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்று முதல் நாள் அறிமுகத்தில் கேட்டுவிட்டால் அன்று முழுவதும் அந்தக் குழந்தை பேசாது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குழந்தைகள் பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர் நகரப் பள்ளிகளில் நிறையப் பேர். அவர்கள் பதில் சொல்லத் தாமதிப்பது பாடம் தெரியாததால் என்று புதியவர் எண்ணிவிடக் கூடாது.

மாலையில் குழந்தையை யாரிடம் அனுப்பலாம் என்பதும் இந்தத் தாளில் இருக்க வேண்டும். யாரிடம் அனுப்பக் கூடாது என்பது இருந்தால் அதையும் தெளிவாக எழுதுங்கள். பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் இது சின்ன விஷயம் கிடையாது.

ஓர் எச்சரிக்கை. இந்தத் தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், வகுப்புத் தலைவன் கையில் கொடுக்காதீர்கள். ஒரு படி தலைமையாசிரியர் மேசையில் மூடிய உறையில் இருக்கட்டும். வரும் ஆசிரியர் காலையில் கையெழுத்திட வரும்போது அதை வாங்கிப் படித்துவிட்டுப் போகட்டும். இன்னொரு எச்சரிக்கை: “இவன் முரடன்”, “இவள் பொய் சொல்வாள்” என்று எழுதுவதைத் தவிருங்கள். அதைப் படித்துவிட்டு உள்ளே வருபவர் முதல் மணி நேரத்திலேயே அந்தக் குழந்தையைத் தனியாக நிறுத்திவிடுவார். “பக்கத்தில் உட்கார வைத்து வேலை கொடுத்தால் நன்றாகச் செய்வான்” என்று எழுதினால் அதே செய்தி பயனுள்ளதாகப் போய்ச் சேரும்.

3. நாளின் ஓட்டத்தை நேரத்தோடு எழுதுங்கள்

கால அட்டவணை சுவரில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அட்டவணையில் “கணக்கு” என்று இருக்குமே தவிர, காலை உணவு முடிந்து தட்டுக் கழுவிவிட்டு வரும் குழந்தைகள் எந்த வாசல் வழியாக வருவார்கள், இறைவணக்கக் கூட்டத்தில் மூன்றாம் வகுப்பு எங்கே நிற்கும், சத்துணவுக்கு எத்தனை பேர் என்ற கணக்கை அமைப்பாளரிடம் எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இருக்காது. உணவுக் கணக்கு தாமதமானால் சாப்பாடு குறையும். முட்டை வேண்டாத குழந்தைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கப் போவது, கழிப்பறைச் சாவி எங்கே தொங்குகிறது, மின்சாரம் போனால் எந்த ஜன்னலைத் திறக்கலாம், எந்த ஜன்னலின் கீல் உடைந்திருக்கிறது ஆகியவற்றையும் எழுதுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் மாதத்திலிருந்து மதிய இடைவேளைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டும் என்பதை என் தாளில் ஒரு வரியாகவே வைத்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து வருபவருக்குப் பேருந்து விவரமும் தேவை. வேலூரிலிருந்து எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அந்தப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். முதல் நாள் ஒருவர் அரை மணி நேரம் தாமதமாக, வியர்த்து, சங்கடப்பட்டுக்கொண்டே வகுப்புக்குள் வந்தால் அந்த நாள் முழுவதும் அப்படியே போய்விடுகிறது.

4. பாடத்தைப் பக்க எண்ணோடு விட்டுச் செல்லுங்கள்

என் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்த்து, இனமாற்றம் செய்து கழிக்கும் முறையில் பாதி வகுப்பு தேறியிருந்தது. மீதிப் பேர் இன்னும் குச்சியை விட்டு எழுத்துக்கு வரவில்லை. வந்த ஆசிரியருக்கு இது தெரியாததால், தாம் கற்ற “கடன் வாங்கிக் கழித்தல்” முறையில் கரும்பலகையில் போட்டுக் காட்டி மேலே போய்விட்டார். நான் திரும்பி வந்து 28 நோட்டையும் பார்த்தபோது, 11 நோட்டில் விடை 35 என்று இருந்தது. மேலே இருப்பதா கீழே இருப்பதா என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருந்தார்கள்: ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. அதைச் சரிசெய்து 25-க்குக் கொண்டுவர எனக்கு டிசம்பர் முழுவதும் ஆயிற்று. அந்த ஆசிரியரின் கற்பித்தலில் குறை இல்லை. குச்சிக்கட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அவர் அதை எடுத்திருப்பார்.

ஆகவே, பாடக்குறிப்பை இரண்டு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்பகுதி, எந்த நாளிலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மூன்று நாள் கட்டு. இதில் புதிய பாடம் எதுவும் இருக்கக் கூடாது. முன்பே நடத்தியவற்றின் பயிற்சி, வாசிப்பு, சொல்வதெழுதுதல், வரைதல், ஒரு விளையாட்டு ஆகியவை போதும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குறியுங்கள்; வழக்கத்தைவிடக் குழந்தைகள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு வேலையும் சேர்த்து வையுங்கள். என் கட்டில் ஒரு பக்கக் கதை ஒன்று இருக்கிறது. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாக இருப்பதால், ஒரே கதையை மூன்று விதமாகப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறேன். அரும்புக் குழந்தைகள் கதையில் தாங்கள் அறிந்த எழுத்துகளையும் சிறு சொற்களையும் வட்டமிடுவார்கள்; மொட்டுக் குழந்தைகள் வரிவரியாக வாசிப்பார்கள்; மலர்க் குழந்தைகள் கதையிலிருந்து மூன்று கேள்விகள் எழுதி மற்றவர்களிடம் கேட்பார்கள். இந்தக் கட்டு, பக்கத்து வகுப்போடு சேர்த்து உட்கார வைக்கும் நாளிலும் உதவுகிறது.

இரண்டாம் பகுதி, வாரந்தோறும் மாற்ற வேண்டிய ஒற்றைத் தாள். ஒவ்வொரு பாடத்திலும் எந்தப் பக்கம் வரை முடிந்தது, யார் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள், அடுத்து எதைத் தொடலாம், எதைத் தொட வேண்டாம் என்பதை எழுதுகிறேன். “தொட வேண்டாம்” என்ற வரி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் குழந்தைகள் படம் வரையும்போது எழுதிவிடுவேன். பத்து நிமிடம் போதும்.

நிலைவாரிப் பட்டியலை இணைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. புதிதாக வருபவர் அரும்புக் குழந்தைகளை “படிக்காதவர்கள்” என்று எண்ணி, ஓரமாக உட்கார வைத்துக் கையெழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்துவிடுவார். அதைத் தடுக்க, அந்தக் குழுவுக்கு என்று பெயர் சொல்லி ஒரு வேலையும் அதற்கான மின்னட்டைகள் (எழுத்தோ சொல்லோ எழுதிய ஃபிளாஷ் கார்டுகள்) இருக்கும் பெட்டியின் இடத்தையும் எழுதுங்கள். துணைக்கருவிகளில் எவற்றைக் குழந்தைகள் தாங்களே எடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

5. பதிவேடு, சாவி, செயலி

பீரோ சாவிக்கு ஒரு காப்புச் சாவி செய்து தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இதை நாளைக்கே செய்யுங்கள்.

மாணவர் வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பேடு, மதிப்பீட்டுப் பதிவேடு ஆகிய மூன்றும் வரும் ஆசிரியரின் கைக்கு எட்ட வேண்டும். மற்ற பதிவேடுகளும், விலையில்லாப் பொருள்கள் வழங்கியதற்கான கையெழுத்துப் பட்டியலும் பூட்டியே இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் வரும் ஆசிரியர் எந்த நிற மையில் எழுத வேண்டும், வராத குழந்தைக்கு உங்கள் பள்ளியில் என்ன குறி இடுகிறார்கள், மதியம் தனியாகக் குறிக்க வேண்டுமா என்பதை முதல் பக்கத்தில் சிறு தாளாகச் செருகி வையுங்கள். தவறு நேர்ந்தால் வெள்ளை மை பூச வேண்டாம், ஒரு கோடு அடித்துச் சுருக்கொப்பம் இட்டால் போதும் என்றும் எழுதுங்கள். பூசி அழித்த இடத்துக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கைபேசிச் செயலியில் வருகை பதிவது பற்றிக் கவனம் தேவை. அவசரத்தில் பலர் தங்கள் கடவுச்சொல்லையே வருபவருக்குச் சொல்லிவிடுகிறார்கள். நானும் அந்த முதல் நாள் அப்படித்தான் செய்தேன், அது தவறு. உங்கள் பெயரில் பதியப்படும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பொறுப்பு. அதோடு, நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் உங்கள் உள்நுழைவிலிருந்து பதிவு போனால் அதற்கே விளக்கம் கேட்கப்படலாம். அன்றைய வருகையை எந்த வழியில் பதிவது என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்பே பேசி முடிவு செய்து, அதைத் தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஓடிபி கேட்டு அழைப்பு வந்தால் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

தொலைபேசி எண்களில் ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம் 14417 ஆகியவற்றையும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உங்கள் எண்ணை எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் எழுதுகிறேன், “மதியம் 1 மணிக்கு மேல் அழைக்கலாம்” என்ற குறிப்போடு. மருத்துவமனையில் இருக்கும்போது காலை முழுவதும் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தால் இரண்டு இடத்திலும் நிம்மதி இருக்காது.

6. குழந்தைகளைத் தயார் செய்யுங்கள்

நான் வராத மூன்றாம் நாள், “டீச்சர் வேற ஸ்கூலுக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க” என்று யாரோ சொல்ல, இரண்டு குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியரைக் காணவில்லை என்பது பெரிய விஷயம். தெரிந்தே எடுக்கும் விடுப்பு என்றால் முந்தைய நாளே சொல்லுங்கள்: யார் வருவார், எத்தனை நாள், திரும்பி வருவேன் என்பது. திடீர் விடுப்பு என்றால், தலைமையாசிரியர் காலையில் வந்து ஒரு நிமிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு நடைமுறைகளைக் குழந்தைகளே நடத்தப் பழக்குவது இன்னொரு பாதுகாப்பு. என் வகுப்பில் இப்போது வாரத்துக்கு ஒரு முறை, நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ள, நோட்டு கொடுப்பது, குழுவாகப் பிரிவது, மின்னட்டைப் பெட்டியை எடுத்துத் திரும்ப வைப்பது எல்லாவற்றையும் அவர்களே செய்கிறார்கள். தலைவராக ஒருவரை மட்டும் வைக்காமல், ஒரு பையன், ஒரு பெண் என்று இருவரை வைத்து மாதந்தோறும் மாற்றுங்கள். அவர்கள் வேலை, பொருள்கள் இருக்கும் இடத்தைக் காட்டுவது மட்டுமே. பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். புதிய ஆசிரியர் வரும் நாளில் அதுதான் சண்டைக்கு முதல் காரணம்.

வகுப்பில் குச்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. கரும்பலகையில் சுட்டிக் காட்ட வைத்திருந்த மூங்கில் குச்சியானாலும், குழந்தைகளின் பெயர்கூடத் தெரியாத ஒருவர் கூச்சலுக்கு நடுவே நிற்கும்போது அது அவர் கைக்கு எட்டாமல் இருப்பதே நல்லது. வகுப்பை அமைதிப்படுத்த நீங்கள் பயன்படுத்தும் கைதட்டலையோ பாட்டையோ எழுதி வையுங்கள். “மூன்று முறை கை தட்டினால், அவர்கள் இரண்டு முறை திருப்பித் தட்டிவிட்டு அமைதியாவார்கள்” என்ற என் ஒரு வரியை, பிறகு ஒரு நாள் வந்த பக்கத்து வகுப்பு ஆசிரியர் பெரிதும் பாராட்டினார்.

7. செலவும் நேரமும்

எனக்கு ஆன செலவு இது: கெட்டி அட்டைக் கோப்பு 90 ரூபாய், பயிற்சித் தாள்கள் 64 நகல் 128 ரூபாய், நான்கு தாள்களுக்கு லேமினேஷன் 100 ரூபாய், காப்புச் சாவி 50 ரூபாய், ஆக 368 ரூபாய். நாளின் ஓட்டத்தையும் அவசர எண்களையும் மட்டும் லேமினேஷன் செய்யுங்கள். குழந்தைகள் தாளும் வாரத் தாளும் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றுக்கு வேண்டாம். நகல்களை முன்பே எடுத்து வைப்பது அவசியம். கிராமத்துப் பள்ளியிலிருந்து ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும்; வந்தவர் தம் கைக்காசைச் செலவழிக்க வேண்டியும் வரும். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்கப்பட்ட தற்காலிக இடைநிலை ஆசிரியர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் என்றுதான் முதலில் அறிவித்தார்கள், பிறகே அது 12,000 ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் வருபவரை நம் வகுப்புக்கு நகல் எடுக்க வைப்பது நியாயமில்லை. பள்ளி மானியத்தில் எழுதுபொருளுக்கு இடம் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில், முதல் முறை முழுக் கோப்பும் தயாராக எனக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. ஜூன் மாதத்தில், குழந்தைகளின் பெயரும் முகமும் பழகிய பிறகு, மூன்றாவது வாரத்தில் தொடங்குவது நல்லது. அதற்கு முன் எழுதினால் குழந்தைகள் தாள் வெறுமையாக இருக்கும். ஜூலை வரை தள்ளிப்போட்டால் பயிற்சிகளும் மதிப்பீடுகளும் வந்து சூழ்ந்துகொள்ளும்.

8. நீண்ட விடுப்பு என்றால்

அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். அவ்வளவு நாளுக்கு மேலே சொன்ன கோப்பு போதாது. முடிந்தால், விடுப்புத் தொடங்கும் முன் இரண்டு நாளாவது வருபவரும் நீங்களும் ஒரே வகுப்பில் இருக்கும்படி கேட்டுப் பெறுங்கள். முதல் நாள் அவர் பார்க்கட்டும், இரண்டாம் நாள் அவர் நடத்த நீங்கள் பாருங்கள். மூன்று பருவங்களின் பாடநூல்களையும் கையில் கொடுத்து, எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் குழந்தைகளுக்குக் கடினமாக இருக்கும் என்று ஓரத்தில் குறித்துக் கொடுங்கள். பருவத்தின் இடையிலேயே செயல்பாடுகளை வைத்துச் செய்யும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணுக்கு நீங்கள் இதுவரை கொடுத்த செயல்பாடுகளின் பட்டியலும் மதிப்பெண்களும் கையெழுத்தோடு ஒப்படைக்கப்பட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனால் பருவ இறுதியில் இருவருக்கும் மனக்கசப்பு வரும். ஒப்படைத்த பொருள்கள், பதிவேடுகள், புத்தகங்களின் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு, ஒரு படியைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

9. திரும்பி வரும் நாள்

கோப்பின் கடைசியில் ஒரு 40 பக்க நோட்டை வைத்து, “இன்று நடந்தது” என்று தலைப்பிடுங்கள். வரும் ஆசிரியர் நாளுக்கு நான்கு வரி எழுதினால் போதும்: எது முடிந்தது, எது முடியவில்லை, யார் வரவில்லை, யாருக்கு என்ன ஆயிற்று. திரும்பிய அன்று குழந்தைகளிடம் “புது டீச்சர் எப்படி?” என்று விசாரிக்கும் முன் இந்த நோட்டைப் படியுங்கள். பிறகு அந்த ஆசிரியரை நேரிலோ தொலைபேசியிலோ அழைத்து நன்றி சொல்லி, கோப்பில் என்ன விட்டுப்போயிற்று என்று கேளுங்கள். கோப்பு தயாரான பிறகு ஒரு முறை என் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் என்னிடம், “பெரிய மணி அடித்தால் இடைவேளை, சின்ன மணி அடித்தால் பாடவேளை என்று எழுதவில்லையே டீச்சர்” என்றார். எனக்கு அது எழுத வேண்டிய செய்தியாகவே தோன்றியிருக்கவில்லை. அன்றே சேர்த்துவிட்டேன்.

முதல் வாரம் புதுப் பாடம் எடுக்காமல், நோட்டுகளைப் பார்த்து எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுகொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் குழந்தைகள் தாளைப் புதிதாக எழுதுங்கள். பழைய தாளைக் குப்பைக் கூடையில் முழுதாகப் போட்டுவிடாமல் கிழித்துவிடுங்கள். அதில் இருப்பது அவர்கள் அம்மாக்கள் நம்மை நம்பிச் சொன்ன விவரம்.